‘சேவை’ என்று புகழ்ந்து கூலியை மறுப்பதா?

2025-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களுக்கென ஒவ்வொரு மாநில அரசும் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். எத்தனை இடங்கள் என்பதை மார்ச் 28-ஆம் நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஒப்பந்த முறையிலும் தற்காலிகமாகவும் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவருகிறவர்களின் தகுதியைக் குழு அமைத்து ஆராய வேண்டும் என்பது அந்த உத்தரவு.

இது புதிதாகச் சொல்லப்பட்ட நீதியன்று. 2021 அக்டோபர் 28-இலேயே இதே நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக நியமியுங்கள் என்று சொல்லிவிட்டது. 2022-இல் மத்திய அரசு கணக்கும் வகுத்தது: தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். தீர்ப்பு இருந்தது, கணக்கு இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள். பணியிடந்தான் இல்லை! மூன்று ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, நீதிமன்றம் மீண்டும் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

ஆலைத் தொழிலாளியும், பட்டறைத் தொழிலாளியும், சுமை தூக்கும் தோழரும் இந்தச் செய்தியை, “இது வாத்தியார்கள் விவகாரம், நமக்கென்ன?” என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். இது கூலிப் பிரச்சினை. தேர்ச்சி பெற்ற தொழிலாளியைத் தேர்ச்சியற்றவனைப்போல நடத்தும் பழைய சூழ்ச்சியின் புதிய வடிவம். நம் வீட்டுப் பிள்ளையின் பிரச்சினையுங்கூட. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்தக் குழந்தைகள் மாளிகைகளில் மட்டுமா பிறக்கிறார்கள்? வசதி படைத்தவன் பணம் கொடுத்துப் பயிற்சியாளரை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்வான். அன்றாடங்காய்ச்சியின் பிள்ளைக்கு, அரசுப் பள்ளிக்கு வருகின்ற சிறப்பாசிரியரை விட்டால் வேறு நாதியில்லை.

அந்த ஆசிரியர் செய்கின்ற வேலைதான் என்ன? “குழந்தையைப் பார்த்துக்கொள்வது” என்று நினைப்போர் பலர். அந்த நினைப்பில்தான் அநீதி தொடங்குகிறது. ஆகவே அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம்.

மூளை முடக்குவாதத்தோடு பிறந்த நாலு வயதுக் குழந்தை ஒன்று. கழுத்து நிற்கவில்லை, கைகால் விறைத்திருக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளையின் கண் கரும்பலகையில் நிற்குமா? ஆகவே அந்தப் பிள்ளைக்கு முதற்பாடம் ‘அ’ எழுதுவதன்று, உட்காருவது! நாற்காலி என்ன உயரம் இருக்க வேண்டும், பாதம் பதிய எவ்வளவு உயரத்தில் பலகை வைக்க வேண்டும், முதுகுக்கு எங்கே அணை கொடுக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவரோடு கலந்து அந்த ஆசிரியர் அளந்து பார்க்கிறார். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குகிறார், விறைத்த விரல் அதைப் பற்றுவதற்காக. கரண்டியைப் பற்றிய கை நாளை எழுதுகோலைப் பற்றும்.

இன்னொரு பிள்ளை, அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளை. சட்டைப் பொத்தானை மாட்டுவது நமக்கு ஒரு வேலை. அந்த ஆசிரியரின் கணக்கில் அது ஏழெட்டு வேலை. துணியின் ஓரத்தைப் பிடிப்பது, துளையைக் காண்பது, பொத்தானை இரு விரலால் பற்றுவது, துளைக்குள் பாதி நுழைப்பது, மறுபக்கம் பிடித்து இழுப்பது என்று பிரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கற்பிக்கிறார். பல வேளைகளில் கடைசிப் படியைத்தான் முதலில் கற்பிக்கிறார். முந்தைய படிகளைத் தாமே செய்து முடித்து, கடைசி இழுப்பைப் பிள்ளையிடம் விடுகிறார். “நானே போட்டேன்!” என்ற வெற்றியை முதல் நாளே அந்தப் பிள்ளை சுவைத்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வருகிறார். எத்தனை முறை உதவியோடு செய்தது, எத்தனை முறை தானாகச் செய்தது என்பதை அன்றன்று ஏட்டில் குறித்துவைக்கிறார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி மணியோசையே சம்மட்டி அடியாக இருக்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் அலறும். அதை அடம் என்கிறது ஊர். ஆசிரியர் என்ன செய்கிறார்? பாய், தட்டு, விளையாட்டுப் பந்து, வீடு என்று படங்களை வரிசையாக ஒட்டி, அன்றைய பொழுதையே அந்தப் பிள்ளையின் கண்முன் நிறுத்திவிடுகிறார். பேச வராத பிள்ளையின் கையில் தண்ணீர்க் குவளையின் படத்தைக் கொடுத்து, அந்தப் படத்தைத் தம்மிடம் நீட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று பழக்குகிறார். கேட்டால் கிடைக்கும் என்று அறிந்த பிள்ளை, அலறுவதைக் குறைத்துக்கொள்கிறது.

பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் எழுத்தின் ஆறு புள்ளிகளைக் கற்பிப்பதற்கு முன்னால் விரலைப் பழக்க வேண்டும். துவரையையும் மொச்சையையும் விரலால் தடவிப் பிரிக்கச் சொல்வதும் அங்கே பாடமே. காது கேளாத குழந்தைக்கோ காலம் பொன்னினும் அரிது. மொழி முளைவிடும் முதல் ஆண்டுகளில் சைகையாலோ, கருவியின் துணையால் ஒலியாலோ மொழி சென்று சேராவிட்டால், பின்னால் எவ்வளவு பாடுபட்டாலும் அந்த இழப்பை முழுதும் ஈடுகட்டுவது கடினம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை தமிழகத்தில் நடக்கிறது, பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால், கத்தி வைத்துக் கருவி பொருத்திய உடனே பேச்சு வந்துவிடாது. அது எந்த ஓசை, இது எந்தச் சொல் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பழக்குவதற்கு ஒருவர் வேண்டும்.

பட்டறையில் வேலை செய்கின்ற தோழர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். கடைசல் இயந்திரத்தில் நிற்பவருக்கு ஒரு வரைபடம் வருகிறது. அதே அளவில் நூறு உருப்படி எடுக்கிறார். அந்தக் கைத்திறனுக்கே எத்தனை ஆண்டுப் பயிற்சி! இந்த ஆசிரியருக்கோ ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி வரைபடம். அந்த வரைபடத்தையும் அவரே போட வேண்டும். தனிநபர் கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர். சிறப்புக் கல்வியில் பட்டயமோ பட்டமோ பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயரும் பதிந்தாலன்றி இந்த வேலைக்கு வர இயலாது. இவ்வளவு தேர்ச்சியைக் கேட்கின்ற அரசு, கூலி கொடுக்கும்போது மட்டும் தேர்ச்சியை மறந்துவிடுவது என்ன நியாயம்?

தமிழகத்தில் சர்வ சிக்ஷா அபியான் காலந்தொட்டு, 2018 முதல் சமக்ர சிக்ஷா என்ற பெயரிலும், வட்டார வள மையங்களிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும், நடக்க இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் சென்று கற்பித்த சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில்தான் வைக்கப்பட்டு வந்தனர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தலைநகரில் கல்வி அலுவலகங்களின் வாயிலில் பலமுறை அமர்ந்திருக்கின்றனர். மில்லில் ‘பதிலி’யாக நின்று, இன்று வேலை உண்டா இல்லையா என்று வாயிற்கதவையே பார்த்துக் காலங்கழித்த தொழிலாளிக்கு இந்த வேதனை புரியாதா? அவனை ஏய்ப்பதற்கு ‘பதிலி’ என்ற சொல் பயன்பட்டது. இவர்களை ஏய்ப்பதற்கு ‘சேவை’ என்ற சொல் பயன்படுகிறது!

மேடையில் அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். தெய்வப்பணி என்பார்கள், தியாகச் சுடர் என்பார்கள். ஊதியத்தை உயர்த்துங்கள் என்றால், “சேவைக்கு விலை பேசலாமா?” என்று முகஞ்சுளிப்பார்கள். பொன்னாடையைக் கடையில் கொடுத்தால் அரிசி கிடைக்குமா? பாராட்டை நாம் வெறுக்கவில்லை. கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் பாராட்டைத்தான் வெறுக்கிறோம். 2010-இல் தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித் துறை கண்டு, ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லையும் விலக்கியது. நல்ல மாற்றம். சொல்லுக்குக் கிடைத்த மரியாதை, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல் கற்பிப்பவருக்கும் கிடைக்க வேண்டாமா?

இந்த வேலையை இழிவாக எண்ணுவோருக்கு வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்வோம்.

ஹெலன் கெல்லர் பெயரை அறியாதார் இல்லை. பார்வையும் செவிப்புலனும் இழந்து, உலகம் போற்ற உயர்ந்தவர். 1909-இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றவர். 1955-இல் இந்தியாவுக்கும் வந்து சென்றவர். ஆனால், 1887 மார்ச் 3-ஆம் நாள், ஆறு வயதுச் சிறுமியாக, கட்டுக்கடங்காமல் திரிந்த அவரைத் தேடி அலபாமா மாநிலத்திற்கு வந்த ஆசிரியை ஆனி சலிவனின் பெயரை எத்தனை பேர் அறிவர்? அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க அமெரிக்கா சென்ற ஏழைக் குடும்பத்தின் மகள். கண்நோயால் பார்வை மங்கி, ஏழையர் விடுதியில் கிடந்து, போராடிக் கல்வி பெற்றவர். அவருக்கு அப்போது வயது 20. உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டிக்கொண்டேயிருந்தார். ஏப்ரல் 5-ஆம் நாள், குழாயிலிருந்து ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் அதன் பெயர் எழுதப்பட, பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அந்தச் சிறுமிக்கு விளங்கிற்று. ஒரு மாதத்துக்கு மேல் ஓயாத உழைப்பு. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்! அதை எண்ணிப் பார்த்தால், பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்று வகுத்திருப்பது தாராளமன்று, குறைந்தபட்சம் என்பது விளங்கும்.

மற்றொருவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி. இன்று நம் நகரங்களில் அவர் பெயரைப் பலகையில் எழுதிக் கொழுத்த கட்டணம் வாங்குகின்ற பள்ளிகள் எத்தனையோ! அந்தக் கல்வி முறை எங்கே பிறந்தது என்று அவர்கள் சொல்வதில்லை. ‘மூளை வளராதவர்கள்’ என்று சமுதாயம் ஒதுக்கி, விடுதிகளில் அடைத்துவைத்த பிள்ளைகளோடு 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோம் நகரில் பணியாற்றித்தான் அவர் அந்த முறையைக் கண்டார். இட்டார், செகுவென் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய பிள்ளைகளுக்காக முன்னர்க் கண்ட வழிகளைப் பின்பற்றினார். எழுத்துகளை விரலால் தடவி அறியும் வழி அங்கே உருவானது. பின்னர் 1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோமில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கென முதற்பள்ளியைத் திறந்தார். 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்.

ஆகவே, ஒதுக்கப்பட்ட பிள்ளைக்காகக் கண்ட வழி, தொழிலாளியின் பிள்ளைக்குப் பயன்பட்டு, உலகத்துக்கே பொதுவாயிற்று. அதன் கனியைப் பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளை சுவைக்கிறது. அந்தக் கனி யாருக்காக முதலில் பழுத்ததோ, அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்க நிரந்தரமாக ஓர் ஆள் போடக் காசில்லையாம்! என்னே இந்த நியாயம்!

காசைப் பற்றியும் பேசுவோம். சிறப்புப் பயிற்றுநரின் ஊதியம் சமக்ர சிக்ஷா என்னும் திட்டத்தில் தொங்குகிறது. நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு என்பது ஏற்பாடு. 2024-25-ஆம் ஆண்டில், பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை, புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்ற காரணத்தால், தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. மும்மொழியா இருமொழியா என்று டில்லியும் சென்னையும் வழக்காடட்டும். நம் நிலை நாடறிந்தது. ஆனால், வாயே திறக்காத ஒரு குழந்தைக்கு முதற்சொல்லைக் கற்றுக்கொடுக்கிறவரின் சம்பளத்தைப் பணயமாக வைத்தா மொழிக் கொள்கையைத் திணிப்பது? இது எந்தக் கல்விக் கொள்கையில் எழுதியிருக்கிறது?

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடமும் ஒன்று உண்டு. திட்டம் வேறு, பணியிடம் வேறு. திட்டத்துக்கு முடிவு தேதி உண்டு. பணம் கொடுப்பவன் நினைத்தால் நின்றுவிடும். பணியிடம் என்பது மாநிலத்தின் வரவு செலவுக் கணக்கில் ஆண்டுதோறும் இடம்பெறும் உரிமை. எனவே, டில்லியைக் கண்டிக்கும்போதே, நிரந்தரப் பணியிடம் என்ற கடமையை மாநில அரசுக்கும் உரக்கச் சொல்கிறோம். டில்லி தரவில்லை என்பது காலதாமதத்துக்குக் காரணமாகலாம், கைவிடுவதற்குக் காரணமாகாது.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை பேசுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அந்தச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலையும் 7-இலிருந்து 21 ஆக விரித்தது, வரவேற்கிறோம். ஆனால், ஆறு வயதுக்கு முன்னால்? மூன்று முதல் ஆறு வயது வரை அரசு ஏற்பாடு செய்‘யலாம்’ என்கிறது கல்வி உரிமைச் சட்டம். செய்ய ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை. மூளை விரைந்து வளர்கின்ற பருவத்துக்கு ‘லாம்’. அது கடந்தபின் ‘வேண்டும்’! பயிர் வாடும்போது மடையை மூடிவைத்து, அறுவடைக் காலத்தில் திறந்துவிடுவதா உழவு?

அங்கன்வாடிக்கு வருகின்ற குழந்தையைத்தான் முதலில் கண்டறிய இயலும். 2013 முதல் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2023-இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நடைமுறையும் அறிவிக்கப்பட்டது. ஆனால், அந்தச் சுமையை ஏற்பவர் யார்? மதிப்பூதியம் என்ற பெயரில் சொற்பத் தொகை பெறுகின்ற அங்கன்வாடிப் பணியாளர்! ஒருவர் கண்டறிய, ஒருவர் கற்பிக்க, இருவரையும் அரைக்கூலியில் வைத்துவிட்டுக் குழந்தைகளின் எதிர்காலம் பற்றி மாநாடு கூட்டுவதால் என்ன பயன்? அங்கன்வாடிகளுக்கும் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் முறைவைத்து வந்து கற்பிக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்கும் பணியிடம் வேண்டும்.

நாம் ஆட்சியாளரை மட்டும் குறைகூறி நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. நம் வீட்டுக்குள்ளேயும் சில பேசவேண்டியிருக்கிறது. குழந்தை தலை நிற்கவில்லை என்றால், முற்பிறவிப் பாவம் என்கிறான் ஒருவன். தாயின் ராசி என்கிறான் இன்னொருவன். மந்திரித்த தகடுக்கும் பரிகாரத்துக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போக வெட்கப்பட்டு அறைக்குள் வைக்கிறார்கள். பகுத்தறிவு பேசுகின்ற தோழர் வீட்டிலும் இது நடக்கிறது என்றால், மேடையில் பேசியது யாருக்கு? பிறப்பின்போது மூச்சுத் திணறுவதும், கடும் மஞ்சள் காமாலையும், குறைமாதப் பிறப்பும், மரபணுக் கோளாறும் காரணங்களாகும். கர்மவினை காரணமன்று, தாயும் குற்றவாளியல்லள். பரிகாரத்துக்கு ஓடிய ஓராண்டு, பாடத்துக்குக் கிடைக்காமற்போன ஓராண்டு.

எனவே கழகக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் செய்யவேண்டிய வேலைகள் இவை. உங்கள் வட்டத்தில், உங்கள் தெருவில், பள்ளிக்கு அனுப்பப்படாத மாற்றுத்திறனாளிக் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறும் நமக்கு இது முடியாத வேலையா? அங்கன்வாடிக்கும், மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையத்துக்கும், வட்டார வள மையத்துக்கும் அந்தத் தாய்மாரை அழைத்துச் செல்லுங்கள். அடையாள அட்டை வாங்கிக்கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, “இந்தப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்?” என்று கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சிறப்புப் பயிற்றுநர்கள் பணி நிரந்தரம் கேட்டு அமரும்போது, பக்கத்தில் ஆலைத் தொழிலாளியின் கொடியும் பறக்கட்டும். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் கோரிக்கையும் ஒரு வரியாக ஏறட்டும்.

ஆட்சியாளரிடம் நாம் கேட்பது மூன்று. 10 பேருக்கு ஒருவர், 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்குப்படி நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி நிரப்புக. இதுவரை தொகுப்பூதியத்தில் உழைத்தவர்களின் அனுபவத்தை மதித்து, தகுதியுடையோரை முறைப்படுத்துக. ஆறு வயதுக்கு முன்னுள்ள குழந்தைக்கும் இந்தக் கல்வியை உரிமையாக்குக.

ஓராண்டு உழைப்பின் முடிவில் ஒரு பிள்ளை தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்கிறது. எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத உற்பத்தி அது. ஆனால், அந்தப் பிள்ளையின் தாய் மறுநாள் வேலைக்குப் போகமுடிகிறது. அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்குப் போகிறது. உழைத்தவருக்குரிய கூலியை, உழைப்பின் அருமை அறிந்த நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?